பாத்திரத்தில் வெட்டிய பெயர் யாருடையது?

பரணிலிருந்து இறக்கிய பித்தளை அண்டாவையோ, பாகம் பிரித்தபோது கைக்கு வந்த வெண்கலப் பானையையோ புளி போட்டுத் துலக்கியதும் முதலில் கண்ணில் படுவது கழுத்தோரம் வெட்டியிருக்கும் பெயர். அந்தப் பெயர்க்காரர்தான் பாத்திரத்தின் முதல் சொந்தக்காரர் என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். அப்படியொரு தாத்தா குடும்பத்தில் இருந்திருந்தால் தேடல் அங்கேயே நின்றுவிடுகிறது. இல்லையென்றால், ஏதோ விருந்தில் அடுத்த வீட்டுப் பாத்திரம் மாறி வந்துவிட்டது என்று சொல்லி விட்டுவிடுகிறோம். இந்த இரண்டு முடிவுகளையும் ஐயப்பட நிறையக் காரணங்கள் உண்டு. பாத்திரத்தில் வெட்டிய பெயர் ஒரு நிகழ்ச்சிக்குச் சான்று. யாரோ கொடுத்தார், யாரோ வாங்கினார், ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு அது போனது என்பதை அது சொல்கிறது. அதையே சொத்துரிமைப் பத்திரமாக வாசித்தால் வழி தவறும். தமிழ் வீடுகளில் வழிவழியாக வந்த பாத்திரங்களைப் பொறுத்தவரை, முதல் சொந்தக்காரர் பெயர் வெட்டப்படாத ஒரு பெண் என்று வைத்துக்கொண்டு தேடத் தொடங்குவதே சரியான முறை என்பது என் வாதம். அதற்கான சான்றுகளையும், அதை மறுக்கக்கூடியவற்றையும் இங்கே பரிசீலிக்கலாம்.

பொருளில் பெயர் எழுதுவது நமக்கு ஈராயிரம் ஆண்டுப் பழக்கம். கீழடி, கொடுமணல் முதலிய இடங்களில் கிடைத்த பானையோடுகளில் தமிழி எழுத்தில் ஆட்பெயர்கள் இருக்கின்றன. கீழடி ஓடுகளில் குவிரன், ஆதன் என்ற பெயர்களைப் படித்திருக்கிறார்கள். இவை குயவரின் பெயர்களா, பானைக்கு உரியவரின் பெயர்களா என்ற கேள்வி அறிஞர்களுக்கும் எழுந்தது. அதற்கு அவர்கள் விடை தேடிய வழி கவனிக்கத் தக்கது. எழுத்து ஈர மண்ணில் எழுதப்பட்டதா, பானை சுட்டபின் கீறப்பட்டதா என்று பார்த்தார்கள். சுட்டபின் கீறியிருந்தால் அது பானை செய்தவர் வேலையாக இருக்க வாய்ப்பில்லை, வாங்கிப் பயன்படுத்தியவர்கள் எழுதியது என்று கொண்டார்கள். தாய்லாந்தின் கிராபி மாகாணத்தில் கிடைத்த பொற்கொல்லரின் உரைகல் ஒன்று இன்னும் தெளிவானது. கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கல்லில் ‘பெரும்பதன் கல்’ என்று இருக்கிறது. பெயரும் பொருளும் சேர்ந்து நிற்பதால் கல் பெரும்பதனுடையது என்பதில் ஐயமில்லை. நம் வீட்டு அண்டாவில் இந்தத் தெளிவு கிடையாது. ‘மு. ராமசாமி’ என்று மட்டும் இருக்கும். ராமசாமியின் அண்டாவா, ராமசாமி கொடுத்த அண்டாவா, ராமசாமி வீட்டுக்கு வந்த அண்டாவா என்பதை அந்த எழுத்துகள் சொல்வதில்லை.

கொடுத்தவர் பெயரைப் பொருளில் பொறிப்பதும் இதே அளவு வேரூன்றிய மரபுதான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் கொடுத்த பொன், வெள்ளிப் பாத்திரங்கள் ஒவ்வொன்றாக, ஆடவல்லான் என்னும் எடைக்கல்லால் நிறுத்த எடையோடு பதிவாகியிருக்கின்றன. கொடுத்தவர் அரசர், உடையவர் இறைவன். கோயில் குத்துவிளக்கிலும் மணியிலும் ‘உபயம்’ என்று போட்டு ஒரு பெயரை இன்றும் வெட்டுகிறார்கள். அந்த விளக்கு உபயதாரரின் சொத்து என்று யாரும் நினைப்பதில்லை. கோயிலில் இவ்வளவு தெளிவாக இருக்கும் வேறுபாடு வீட்டுப் பாத்திரத்தில் மங்கிவிடுகிறது. காதுகுத்துக்கும் சடங்குக்கும் தாய்மாமன் கொண்டுவரும் சீர்ப் பாத்திரத்தில் மாமன் பெயர் இருக்கும். கல்யாணத்துக்கு வந்த தவலையில் மொய் செய்தவர் பெயர் இருக்கும். பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கொடுத்த குடத்திலும் உருளியிலும் தகப்பன் பெயரோ அண்ணன் பெயரோ இருக்கும். இவற்றில் எந்தப் பெயரும் உடைமையாளர் பெயராகாது. சீர் யாருக்காக வந்ததோ அவளே உடைமையாளர். அவள் பெயரைத் தனியே சொல்லவேண்டிய தேவை அன்று யாருக்கும் படவில்லை. பாத்திரம் அவளோடு வண்டியேறியதை ஊரே பார்த்திருக்கிறது.

இதற்குச் சட்டத்திலும் வழக்கத்திலும் உறுதியான ஆதாரம் உண்டு. பெண்ணுக்குத் திருமணத்தை ஒட்டிக் கிடைத்தவை ஸ்திரீதனம்; அது அவளுக்கே உரியது. 1985இல் பிரதிபா ராணி வழக்கில், கணவனோ அவன் வீட்டாரோ அதை வைத்திருந்தாலும் பாதுகாவலர் நிலையில்தான் வைத்திருக்கிறார்கள் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. பழைய மிதாட்சர முறைப்படி ஸ்திரீதனம் தாய்க்குப்பின் மகளுக்கே, அதிலும் மணமாகாத மகளுக்கு முதலில், போகும். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம்தான் மகன், மகள், கணவன் மூவரையும் ஒரே வரிசையில் நிறுத்தியது. யாழ்ப்பாணத்துத் தேசவழமை 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் தொகுக்கப்பட்டபோதே முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று சொத்து தனித்தனியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. சீதனம் பெண் வழிச் சொத்து. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு பித்தளைக் குடம் போகக்கூடிய பாதை புலப்படும். தாய் தன் சீர்க் குடத்தை ஈயம் பூசி, துலக்கி, மகள் கல்யாணத்தில் கொடுத்தனுப்புகிறாள். மகள் தன் மகளுக்கு. ஒவ்வொரு தலைமுறையிலும் குடம் வேறு வீட்டுக்குப் போகிறது, வேறு தலைப்பெழுத்துக் குடும்பத்தில் நுழைகிறது. மூன்றாம் தலைமுறையில் அதில் உள்ள பெயர் அந்த வீட்டு ஆண்வழி வம்சாவளியில் எங்குமே இராது. ‘இந்தப் பேரில் நம்ம வீட்டில் யாரும் இல்லையே’ என்ற வியப்பு பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. மாறி வந்த பாத்திரம் என்று ஒதுக்கப்படுவது கொள்ளுப்பாட்டியின் தகப்பன் கொடுத்த சீராக இருக்கலாம்.

ஆகவே பெயரைப் படிப்பதற்கு முன் பாத்திரத்தின் காலத்தைக் கணிக்கவேண்டும். காலம் தெரிந்தால்தான் எந்தத் தலைமுறைப் பெண்ணைத் தேடுவது என்பது தெரியும். உலோகமே முதல் சாட்சி. அலுமினியப் பாத்திரம் என்றால், சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கிவைத்த 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளுக்கு முன் அதைக் கொண்டுபோக முடியாது. எவர்சில்வர் நம் சமையலறைகளில் பரவியது நாடு விடுதலை பெற்ற பிறகுதான். சேலம் உருக்காலை உற்பத்தியைத் தொடங்கியது 1980களின் தொடக்கத்தில். எடை வெட்டியிருந்தால் அது இன்னும் நல்லது. மெட்ரிக் அளவைச் சட்டம் 1956இல் வந்து, 1958 அக்டோபர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. கிலோவில் எடை போட்ட பாத்திரம் அதற்குப் பிந்தியது; ராத்தல், சேர், பலம் என்று இருந்தால் அதற்கு முந்தியதாகவோ அந்த மாற்றக் காலத்ததாகவோ இருக்கவேண்டும். வெட்டிய விதமும் பேசும். உளியும் சுத்தியலும் கொண்டு கையால் வெட்டிய பெயரில் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக, ஆழம் கூடியும் குறைந்தும் விழுந்திருக்கும். மெஷினில் போட்ட பெயர் ஒரே சீரான ஆழத்தில், கையெழுத்துபோல ஓடும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. பெயர் வெட்டிய காலமும் பாத்திரம் செய்த காலமும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. தாத்தா காலத்துத் தவலையில் பேரன் மெஷினில் பேர் போட்டிருக்கலாம். மேலே சொன்ன பானையோட்டு ஆய்வாளர்கள் கேட்ட கேள்வியை நாமும் கேட்டாகவேண்டும்: எழுத்து பொருளோடு பிறந்ததா, பின்னால் ஏறியதா?

ஆண்டு வெட்டியிருந்தால் வேலை முடிந்தது என்று தோன்றும். அங்கேயும் கண்ணிகள் உண்டு. ‘பிரபவ வருடம் தை மாதம்’ என்று இருந்தால் அது 1868 தொடக்கமாகவும் இருக்கலாம், 1928 தொடக்கமாகவும் இருக்கலாம், 1988 தொடக்கமாகவும் இருக்கலாம். அறுபதாண்டுச் சுற்றில் பெயர் திரும்பத் திரும்ப வரும். இதே சுற்று ஆட்பெயர்களிலும் உண்டு என்பதுதான் தேடலின் மிகக் கடினமான இடம். தந்தைவழித் தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கமுள்ள குடும்பங்களில் முத்துசாமி மகன் ராமசாமி, அவர் மகன் முத்துசாமி, அவர் மகன் மறுபடி ராமசாமி என்று பெயர் மாறி மாறி வரும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ‘மு. ராமசாமி’ என்பவர் இரண்டு தலைமுறைக்கு ஒருமுறை பிறக்கிறார். இரண்டு தலைமுறை என்பது ஏறக்குறைய ஐம்பது, அறுபது ஆண்டு. ஆண்டின் பெயரும் ஆளின் பெயரும் ஏறத்தாழ ஒரே கால இடைவெளியில் திரும்புவதால், ‘மு. ராமசாமி, பிரபவ’ என்ற எழுத்துகள் பூட்டனுக்கும் பொருந்தும், அவர் பேரனுக்கும் பொருந்தும். தலைப்பெழுத்தையும் ஆண்டையும் வைத்து மட்டும் முடிவு செய்பவர்கள் முழு நம்பிக்கையோடு இரண்டு தலைமுறை பிசகுவார்கள். உலோகம், எடை, எழுத்து வடிவம் ஆகிய மூன்றையும் சேர்த்து வைத்தால்தான் இந்த முடிச்சு அவிழும். தென்கோடியில் இன்னொரு எச்சரிக்கை வேண்டும். கன்னியாகுமரி, நெல்லைப் பகுதிப் பாத்திரத்தில் 1098 என்று இருந்தால் யாரும் மலைக்கவேண்டாம். அது கொல்லம் ஆண்டு, 1922-23ஐக் குறிக்கும்.

எழுத்து வடிவத்தைக் கொண்டு காலம் கணிப்பது தமிழில் நமக்கு வாய்த்த ஒரு வசதி. 1978 அக்டோபரில் தமிழ்நாட்டு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய சுழிக் கொம்பும், ணா, றா, னா ஆகியவற்றின் பழைய வளைவும் போயின. அண்ணாமலை, ராஜலெட்சுமி என்ற இரண்டு பெயர்களில் முதலாவது இந்தச் சோதனைக்கு ஏற்றது. இரண்டாவதில் மாறிய எழுத்து ஒன்றுமே இல்லை. ஆனால் இதையும் இருபுறமும் எச்சரிக்கையோடு பயன்படுத்தவேண்டும். பெரியார் இந்த வடிவங்களைக் குடிஅரசு இதழில் 1935 முதலே கையாண்டார். எனவே 1950ஆம் ஆண்டுப் பாத்திரத்தில் புதிய ‘லை’ இருந்தால், தேதி பொய் என்று சொல்லிவிட முடியாது; கொடுத்தவர் எந்தக் கொள்கைக்காரர் என்பதற்கு அது துப்பாகலாம். மறுபுறம், பழைய வடிவில் கை பழகிய பெயர்வெட்டுபவர் 1978க்குப் பிறகும் அதையே வெட்டியிருக்கலாம். சாதிப் பட்டத்தையும் இதே கண்ணால் பார்க்கலாம். 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பட்டங்களை விடும்படி தீர்மானித்தது. ஒரே குடும்பத்தின் பாத்திரங்களில் பட்டம் இருந்து, பிறகு மறைகிறது என்றால், அந்த வீட்டில் யாரோ ஒருவர் ஒரு முடிவெடுத்திருக்கிறார்.

எழுத்தைத் தவறாகப் படித்தால் மற்ற எல்லாமே வீண். பாத்திரத்தில் வெட்டியதைப் படிக்கும்போது மூன்று இடங்களில் பிழை நேர்கிறது. தமிழ் எண்கள் முதலாவது. ௧ என்பது ‘க’ போலவும், ௭ ‘எ’ போலவும், ௮ ‘அ’ போலவும் தோன்றும். பழைய செம்பில் தனியே நிற்கும் ‘அ’ அழகப்பனாக இருக்கவேண்டியதில்லை; எட்டாம் எண்ணாக இருக்கலாம், ஒரே மாதிரிப் பாத்திரங்களின் வரிசையில் அது எட்டாவது என்று பொருள்படலாம். அதேபோல உச்சியில் உள்ள ‘உ’ பிள்ளையார் சுழி. உலகநாதனின் தலைப்பெழுத்து அல்ல. அடுத்தது மெய்யெழுத்துப் புள்ளி. புள்ளி புள்ளியாகவே எழுத்தை வெட்டும்போது மெய்க்குரிய புள்ளி மற்றவற்றோடு கலந்துவிடும், அல்லது விடுபட்டுவிடும். மூன்றாவது, ஆங்கில முறையில் வெட்டிய தலைப்பெழுத்து. ‘கே’ என்றால் கந்தசாமியாகவும் இருக்கலாம், குப்புசாமியாகவும் இருக்கலாம், காரைக்குடி என்ற ஊராகவும் இருக்கலாம். எழுத்தெண்ணிக் கூலி வாங்கும் தொழிலில் பெயரைச் சுருக்கி வெட்டச் சொன்னது இயல்புதான். அந்தச் சுருக்கத்தை விரிக்கும்போது நமக்கு வேண்டிய பெயரை அதில் ஏற்றிவிடும் ஆசையைத்தான் அடக்கவேண்டும். எழுத்து தேய்ந்திருந்தால் மேலும் துலக்குவது அதை அழிக்கும் வேலை. பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துச் சாய்வெளிச்சத்தில் படமெடுப்பதும், மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுப்பதும் போதும்.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பெயர் வெட்டியதே கூட்டு விருந்தில் பாத்திரம் மாறிப் போகாமல் இருக்கத்தானே? கல்யாணம், காரியம், கோயில் கொடை என்றால் தெருவில் உள்ள அண்டாக்களும் தாம்பாளங்களும் ஒரே பந்தலுக்கு வரும். திரும்பிப் போகும்போது யாருடையது என்று தெரியவேண்டும். ஆகவே பெயர் உடைமையாளருடையதாகத்தான் இருக்கவேண்டும் என்று வாதிடலாம். இதில் பாதி உண்மை. விருந்துக்குப் பின் பாத்திரம் திரும்பிச் சேரவேண்டியது ஒரு வீட்டுக்கு. அந்த வீட்டைத் தெருவார் அறிந்திருந்தது குடும்பத் தலைவர் பெயரால். ஆக, இந்த நோக்கத்தோடு வெட்டிய பெயர் ஒரு முகவரி. வீட்டுக்குள் அது யாருடைய பாத்திரம் என்ற கேள்விக்கு அது விடை சொல்லாது. மருமகள் கொண்டுவந்த சீர் அண்டாவிலும் மாமனார் பெயரைப் பின்னால் வெட்டியிருப்பார்கள். ஒரே பாத்திரத்தில் இரண்டு பெயர்கள், இரண்டு கைகளால் வெட்டியவை இருந்தால், அதை மிகப் பெரிய வாய்ப்பாகக் கருதவேண்டும். எது முந்தியது என்று பார்த்தால் போதும்; முந்திய பெயர் பிறந்த வீட்டையும் பிந்திய பெயர் புகுந்த வீட்டையும் காட்டக்கூடும். இரண்டுக்கும் நடுவில் நிற்பவள்தான் நாம் தேடும் ஆள்.

பெண்களின் பெயரே வெட்டிய பாத்திரங்களும் ஏராளம் உண்டே என்பது அடுத்த மறுப்பு. உண்டு; அவை வாதத்தைத் தளர்த்துவதில்லை, பெண்வழித் தேடலின் நியாயத்தை உறுதியாக்குகின்றன. ‘சௌ.’ (சௌபாக்கியவதி) என்ற அடைமொழியோடு ஒரு பெயர் இருந்தால் பெரும்பாலும் மணத்தின்போதோ மணமானபின்போ வெட்டியது. தகப்பன் தலைப்பெழுத்தோடு இருந்தால் மணத்தின்போதோ அதற்கு முன்போ வெட்டியதாகக் கொள்ளலாம்; கணவன் தலைப்பெழுத்து என்றால் அதற்குப் பின். ஒரே பெண் ‘சி. வள்ளியம்மை’யாகவும் ‘ராம. வள்ளியம்மை’யாகவும் இரண்டு குடங்களில் நிற்கலாம்; தலைப்பெழுத்தை மட்டும் பார்ப்பவர் இருவர் என்று எண்ணிவிடுவார். இங்கிலாந்திலும் அதன் அமெரிக்கக் குடியேற்றங்களிலும் பழைய வெள்ளிப் பாத்திரங்களில் மூன்று எழுத்துகளை முக்கோணமாக வெட்டும் வழக்கம் இருந்தது. மேலே குடும்பப் பெயரின் முதலெழுத்து; கீழே கணவன், மனைவி இருவரின் முதலெழுத்துகள். மனைவிக்கும் ஓர் எழுத்து அங்கே உறுதியாக இருந்தது. அதனால்தான் அங்கே தேடுவோர் திருமணப் பதிவேட்டோடு நேரடியாக ஒப்பிட முடிகிறது. நம்மிடம் அந்த உறுதி இல்லாததால் ஊகத்தை வேறு சான்றுகளால் தாங்கவேண்டியிருக்கிறது.

முத்திரை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. ஆங்கிலேய வெள்ளியில் எந்த ஊரில், எந்த ஆண்டில் மாற்றுப் பார்த்தது என்பதை முத்திரையே சொல்லும். லண்டனில் ஆண்டெழுத்து முறை 15ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. நம் நாட்டில் ஆங்கிலேயர் ஆட்சியிலும் அப்படியொரு கட்டாய முறை ஏற்படவில்லை. சென்னை பி. ஓர் அண்ட் சன்ஸ் போன்ற கடைகளின் வெள்ளியில் கடையின் பெயர் மட்டும் இருக்கும். தங்கத்துக்கு இந்தியத் தர நிர்ணய முத்திரை வந்தது 2000இல்தான். எப்படியிருந்தாலும் முத்திரை சொல்வது செய்தவரையும் தரத்தையும் மட்டுமே. வாங்கியவரைச் சொல்வது அதன் வேலையல்ல.

வேறு எந்தச் சான்றுகள் உதவும்? இங்கேதான் நம் தேடல்கள் மறுபடி ஆண்வழியில் வழுக்கி விழுகின்றன. பட்டா, பத்திரம், வில்லங்கச் சான்று, பழைய வாக்காளர் பட்டியல் எல்லாமே நிலத்தையும் வீட்டையும் குடும்பத் தலைவரையும் பின்பற்றிப் போகின்றன. குடம் போன வழியில் அவை போவதில்லை. குடத்தின் வழியில் போகும் காகிதங்கள் மொய் நோட்டு, சீர்ப் பட்டியல், கல்யாணப் பத்திரிகை ஆகியவை. மொய் நோட்டில் ஊரும் பெயரும் தொகையும் பொருளும் இருக்கும். பாத்திரத்தில் உள்ள பெயர் அதில் கிடைத்துவிட்டால் எந்தக் கல்யாணத்தில், எந்த நாளில் அது வீட்டுக்கு வந்தது என்பதும் கூடவே கிடைத்துவிடும். நகரத்தார் குடும்பங்களில் விலாசம் என்ற தலைப்பெழுத்து வரிசையும், ஒன்பது நகரக் கோயில்களில் எந்தக் கோயிலைச் சேர்ந்தவர் என்ற அடையாளமும் கூடுதல் துணை. ஊரும் கோயிலும் விலாசமும் தெரிந்தால் ஒரே பெயருள்ள பலரில் ஒருவரைப் பிரித்தெடுக்க முடியும். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்து, இன்று சென்னையில் அவர் பெயரிலான நூலகத்தில் இருக்கும் சேகரிப்பில் கல்யாணப் பத்திரிகைகளும் உண்டு. பிறர் குப்பை என்று நினைத்ததை அவர் காத்தார். இத்தகைய ஆய்வுக்கு அதன் பயன் பெரிது. 1985இல் வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வந்த விதிகள், மணமக்களுக்கு வந்த பரிசுகளை விவரம், மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவு ஆகியவற்றோடு எழுதிவைக்கச் சொல்கின்றன. பாத்திரம் சொல்லாமல் விட்ட அத்தனையும் அந்தப் பட்டியலில் இருக்கவேண்டும். அதை ஒழுங்காக எழுதி வைக்கும் வீடுகள் குறைவு என்பது வருத்தத்துக்குரியது.

வாய்மொழி நினைவை நம்பலாமா என்று ஆய்வுப் பழக்கம் உள்ளவர்கள் கேட்பார்கள். பாட்டி சொல்வது கதைதானே என்பார்கள். ஆண்டுகளைப் பொறுத்தவரை அந்த ஐயம் நியாயமானது. எந்த வருடம் என்று கேட்டால் நினைவு தடுமாறும். ஆனால் எந்தப் பாத்திரம் எந்த வீட்டிலிருந்து வந்தது, எந்தச் சடங்குக்கு வந்தது, யார் கை மாறியது என்பதில் வீட்டுப் பெண்களின் நினைவு வியக்கத்தக்க அளவு திடமானது. அதை அவர்கள் நாள்தோறும் புழங்கினார்கள், அதைச் சுற்றி உறவும் மனத்தாங்கலும் உரிமையும் இருந்தன. வரிசையை நினைவு தரட்டும், ஆண்டை உலோகமும் எழுத்தும் தரட்டும். இரண்டும் முரண்பட்டால், முதலில் சந்தேகிக்கவேண்டியது நாம் படித்த பெயரை.

எல்லாப் பாத்திரமும் பெண்வழியாகவே வந்தது என்று சொல்லவில்லை. அடகுக் கடையில் மூழ்கிப்போன பாத்திரம் ஏலத்தில் அயலார் வீட்டுக்குப் போயிருக்கிறது. பழைய பித்தளையை எடைக்குப் போட்டுப் புதியது வாங்கியபோது, கடைக்காரர் உருக்காமல் மறுபடி விற்ற நல்ல பாத்திரங்கள் உண்டு. காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் இன்று விற்பனைக்கு இருப்பவற்றில் எத்தனையோ வீடுகளின் பெயர்கள் இருக்கின்றன; வாங்கிப் போனவர் வீட்டில் இரண்டு தலைமுறை கழித்து அவை ‘பரம்பரைச் சொத்து’ ஆகிவிடும். 1964ஆம் ஆண்டின் இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் கொண்டுவந்த பாத்திரங்கள் கடல் கடந்த கதை உடையவை. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள்வழி இருந்த காலத்தில் பாத்திரத்தில் உள்ள காரணவர் பெயர் தாய்மாமனைக் குறிக்கும். அங்கே விதிமுறையே வேறு. இவற்றில் எது என்று பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது. ஆனால் இவையெல்லாம் சான்று வந்தபின் ஏற்கவேண்டிய விதிவிலக்குகள். சான்று எதுவும் கையில் இல்லாத நிலையில் எங்கே தேடத் தொடங்குவது என்றால், தாய்வழியில்தான்.

தேடலில் ஒரு விளைவுக்கு மட்டும் முன்கூட்டியே மனம் ஆயத்தமாக இருக்கவேண்டும். படித்து முடித்த எழுத்தில் ஒரு கோயிலின் பெயரோ, ‘உபயம்’ என்ற சொல்லோ, ஊர்ப் பொதுச் சொத்து என்ற குறிப்போ தெரிந்தால் பொருள் நம்முடையதாக இல்லாமலே போகலாம். நூறாண்டைக் கடந்த பாத்திரமாக இருந்தால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் அதற்குப் பொருந்தும். நாட்டைவிட்டு வெளியே விற்க முடியாது. உண்மையான சொந்தக்காரரைத் தேடுகிறோம் என்று சொல்லிவிட்டு, அவர் கிடைத்ததும் முகம் திருப்பிக்கொள்வது நேர்மையல்ல. உரியவரிடம் சேர்ப்பதும் தேடலின் ஒரு பகுதி.

இந்தத் தேடலுக்குக் காலக்கெடு இருக்கிறது. எந்தச் சீர் யாருடையது என்று சொல்லக்கூடிய மூத்த பெண்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். எடைக் கடைத் தராசில் ஏறும் பித்தளையும் நிற்கவில்லை. பழைய பாத்திரத்தைப் போடத்தான் வேண்டும் என்றால், எழுத்தைப் படமெடுத்து வைத்துவிட்டுப் போடுங்கள். அம்மாவிடமும் அத்தையிடமும் பெரியம்மாவிடமும் பாத்திரத்தைக் கையில் கொடுத்தே கேளுங்கள். யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார், எந்த விசேஷத்துக்கு, பிறகு யாரிடம் போனது என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிப் பாத்திரத்துக்குள்ளேயே போட்டு வையுங்கள். அடுத்த கல்யாணத்தில் பெண்ணுக்குப் பாத்திரம் வாங்கும்போது கொடுப்பவர் பெயரோடு நிறுத்தாமல், அவள் பெயரையும் ஊரையும் ஆண்டை முழு எண்ணிலும் வெட்டச் சொல்லுங்கள். எழுத்துக்கூலி சிறிது கூடும், அவ்வளவுதான்.